வணிக முத்திரைக்கு ஆட்சேபமா? பதில் எழுத இரண்டே மாதம்

தபாலில் தடித்த உறை ஒன்று வருகிறது. உள்ளே வழக்கறிஞர் நிறுவனத்தின் தலைப்புத்தாளில் பக்கம் பக்கமாக ஆங்கிலம். ஊறுகாய்ப் போத்தலில் ஒட்டும் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சில மாதங்களுக்கு முன் விண்ணப்பித்திருந்தார்கள். அந்தப் பெயரைப் பதிவு செய்யக் கூடாது என்று, இதுவரை கேள்விப்படாத ஒரு நிறுவனம் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறது. வீட்டில் ஆளுக்கொரு முறை புரட்டிப் பார்க்கிறார்கள். "பெரிய இடத்து விவகாரம், நமக்கெதற்கு வம்பு" என்று ஒருவர் சொல்ல, உறை சாமிப்படத்துக்குப் பக்கத்து அலமாரிக்குப் போய்ச் சேருகிறது.

பெயர் பறிபோவது அந்த அலமாரியில்தான். யாரும் வழக்குப் போட்டுத் தோற்கடிக்க வேண்டியதில்லை. மலேசியச் சட்டப்படி, ஆட்சேப அறிவிப்பு கைக்குக் கிடைத்ததிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் விண்ணப்பதாரர் தன் பதிலறிக்கையைத் தாக்கல் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் விண்ணப்பத்தை அவரே கைவிட்டதாகக் கருதப்படும். எதிராளி சொன்னது சரியா தவறா என்று பதிவாளர் பார்க்கவே மாட்டார்.

மசாலைத் தூள், முறுக்கு, நகை, சேலை, அழகு நிலையம் என்று சொந்தத் தொழில் தொடங்கும் நம்மவர்கள் பெருகியிருக்கிறார்கள். பெயரைப் பதிய வேண்டும் என்ற விழிப்பும் வந்திருக்கிறது. ஆனால் விண்ணப்பம் போட்டதோடு வேலை முடிந்தது என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

எஸ்.எஸ்.எம். பதிவு வேறு, முத்திரை வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஆட்சேபம் வந்ததும் பலர் எடுத்து நீட்டுவது எஸ்.எஸ்.எம். சான்றிதழைத்தான். "இந்தப் பெயரை அரசாங்கத்திலேயே பதிந்திருக்கிறேன், இவன் யார் கேட்க?" என்பார்கள். மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிவது, இன்ன பெயரில் இன்னார் தொழில் செய்கிறார் என்பதற்கான பதிவு. அந்தப் பெயரைப் பொருளின் மேல் போட்டு விற்கும் தனியுரிமையை அது தருவதில்லை. ஊராட்சி மன்ற லைசென்சும் ஹலால் சான்றிதழும் அப்படித்தான். அவை பின்னால் ஆதாரமாக உதவும், ஆனால் உரிமைப் பத்திரம் ஆகா.

முத்திரை உரிமை வேண்டுமானால், பெட்டாலிங் ஜெயா பி.ஜே. சென்ட்ரலில் தலைமையகம் கொண்ட மைஐபிஓ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இப்போது நடப்பில் இருப்பது 2019ஆம் ஆண்டின் வணிக முத்திரைச் சட்டம், அதாவது சட்டம் 815. அது 1976ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2019 டிசம்பர் 27ஆம் தேதி அமலுக்கு வந்தது. விண்ணப்பிக்கும்போது பொருளின் வகுப்பைக் குறிப்பிட வேண்டும். மசாலைத் தூள், காப்பி, மாவு ஆகியவை 30ஆம் வகுப்பு. ஊறுகாய் 29. உடை 25. நகை 14. உணவகச் சேவை 43.

அதிகாரிகள் விண்ணப்பத்தைச் சோதித்து, ஏற்கலாம் என்று கருதினால் அறிவுசார் சொத்துடைமை அதிகாரபூர்வ இதழில் வெளியிடுவார்கள். வெளியான நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். கல்யாணப் பத்திரிகை அச்சடித்த பிறகும் "நிறுத்துங்கள்" என்று ஒருவர் எழுந்து நிற்பதைப் போன்றது இது. பெண் வீட்டார் எழுந்து பதில் சொன்னால்தான் மேற்கொண்டு பேச்சு நடக்கும்.

இங்கே இரண்டு விதக் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சோதனையின்போது மைஐபிஓ அதிகாரியே, இந்தப் பெயர் பொருளை வர்ணிக்கும் வெறும் சொல், அல்லது ஏற்கெனவே பதிந்த பெயரைப் போலிருக்கிறது என்று எழுதும் கடிதம் ஒன்று. இதழில் வெளியான பின் வெளியாள் அனுப்பும் ஆட்சேப அறிவிப்பு மற்றொன்று. முதலாவதற்கு அதிகாரியிடம் விளக்கம் தர வேண்டும். இரண்டாவதற்கு எதிரே வாதி ஒருவர் இருக்கிறார், பதிவாளர் நடுவர். ஒன்றுக்கு எழுதிய பதிலை இன்னொன்றுக்கு அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது.

பதிலறிக்கையில் என்ன எழுதுவது?

ஆட்சேப அறிவிப்பைப் படித்தால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். அது அப்படித்தான் எழுதப்படுகிறது. எங்கள் முத்திரையைப் போலவே இருக்கிறது, எங்கள் முத்திரை புகழ்பெற்றது, வாடிக்கையாளர் குழம்புவார்கள், எங்கள் பெயரில் சரக்கை விற்கப் பார்க்கிறார், நல்லெண்ணத்தோடு விண்ணப்பிக்கவில்லை என்று சொல்லத்தக்க காரணங்கள் எல்லாவற்றையும் அடுக்கிவிடுவார்கள். அடுக்கியவை எல்லாம் குற்றச்சாட்டுகள்தாம். இன்னும் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. நிரூபிக்கும் முதல் சுமை ஆட்சேபித்தவர் தலையில்தான் விழுகிறது.

பதிலறிக்கை, அந்த அறிவிப்புக்குப் பத்தி பத்தியாகச் சொல்லும் பதில். ஒவ்வொரு பத்திக்கும் மூன்றில் ஒன்றைச் சொல்லலாம்: ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன், எனக்குத் தெரியாது. "அவர்கள் 1980களிலிருந்து தொழில் செய்கிறார்கள்" என்று ஒரு பத்தி இருந்தால், தெரியாத ஒன்றை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை, கோபத்தில் மறுக்கவும் தேவையில்லை. அவர்களே நிரூபிக்கட்டும் என்று விட்டுவிடலாம். அதன்பின், பெயரை எப்படித் தேர்ந்தெடுத்தோம், எப்போதிலிருந்து பயன்படுத்துகிறோம், எதிராளியின் முத்திரையிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பில்களும் படங்களும் இந்தக் கட்டத்தில் கட்டாயமில்லை. அவற்றுக்கான கட்டம் பின்னால் வருகிறது.

இதைப் பதிவாளரிடம் தாக்கல் செய்தால் மட்டும் போதாது. பிரதி ஒன்று எதிராளிக்கும் போய்ச் சேர வேண்டும். கால நீட்டிப்புக் கேட்கவும் வழி உண்டு. ஆனால் கெடு முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும். தீபாவளி வேலையில் மறந்துவிட்டோம் என்பது பதிவாளர் காதில் நல்ல காரணமாக விழாது.

பலரும் தவறுவது ஓரிடத்தில். ஆத்திரத்தில் நேராக எதிராளியின் வழக்கறிஞருக்கு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ பொரிந்து தள்ளிவிடுகிறார்கள். "உங்கள் பெயர் எனக்கு முன்பே தெரியும், ஆனாலும்..." என்று தொடங்கும் ஒரு வரி போதும், நல்லெண்ணமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு ஆதாரமாக அதையே காட்டுவார்கள்.

'அம்மா', 'லட்சுமி', 'முருகன்'

நம் கடைத்தெருக்களில் சாமி பெயரும் உறவுப் பெயரும்தான் அதிகம். கிள்ளானிலிருந்து பினாங்கு லிட்டில் இந்தியா வரை நடந்தால் லட்சுமியும் முருகனும் எத்தனை பலகைகளில் இருக்கிறார்கள் என்று எண்ணி மாளாது. ஆட்சேபத்துக்குப் பதில் எழுதும்போது இது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. 'லட்சுமி' என்ற சொல் தங்களுக்கே சொந்தம் என்று எதிராளி கூறினால், அச்சொல்லை இத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், அதை மட்டும் வைத்து யாரும் உங்களை அடையாளம் காண்பதில்லை என்று சொல்லலாம். ஆனால் அதே வாதம், நாம் கேட்கும் பெயருக்கும் தனித்தன்மை குறைவு என்பதையும் காட்டிவிடும். ஆகவே பெயரோடு சேர்ந்த படம், எழுத்தின் வடிவம், கூட நிற்கும் மற்றச் சொற்கள் ஆகியவற்றின் மேல் வாதத்தை வைப்பதுதான் பலம்.

இரண்டு முத்திரைகளை ஒப்பிடும்போது கண்ணுக்கு எப்படி, காதுக்கு எப்படி, பொருள் என்ன என்று மூன்று வழியிலும் பார்ப்பார்கள். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உருப்பெருக்கியால் பார்ப்பதல்ல கணக்கு. போன மாதம் வாங்கிய பொட்டலத்தை அரைகுறையாக ஞாபகம் வைத்துக்கொண்டு கடைக்கு வரும் சாதாரண ஆள் குழம்புவாரா என்பதே கேள்வி. பொட்டலத்தில் தமிழ் எழுத்து இருந்தால் இன்னொரு கோணமும் உண்டு. தமிழ் படிக்கத் தெரியாத மலாய்க்காரரும் சீனரும் அதே அடுக்கிலிருந்து வாங்குகிறார்கள். அவர்கள் கண்ணில் படுவது நிறமும் படமும்தான். எழுத்து வேறானாலும் பொட்டலம் ஒரே சாயலில் இருந்தால் பதில் பலவீனமாகிவிடும்.

பழைய பில்தான் ஆயுதம்

பதிலறிக்கை போன பிறகு ஆதாரக் கட்டம். முதலில் ஆட்சேபித்தவர் தம் ஆதாரங்களைச் சத்தியப் பிரமாணமாகத் தாக்கல் செய்ய வேண்டும். இதற்கும் இரண்டு மாதக் கெடு உண்டு. அவர் செய்யாவிட்டால் அவருடைய ஆட்சேபம் விழுந்துவிடும். பெரிய நிறுவனங்களும் சில சமயம் இந்த இடத்தில் நின்றுவிடுவது உண்டு. மிரட்டல் கடிதம் எழுதுவது சுலபம், ஆதாரம் திரட்டுவது செலவு. பதில் வராது என்று நம்பி ஆட்சேபித்தவருக்கு, பதில் வந்துவிட்டாலே கணக்கு மாறிவிடுகிறது.

அவர் தாக்கல் செய்தால் அடுத்தது விண்ணப்பதாரரின் முறை. அவரும் சத்தியப் பிரமாண ஆணையர் முன் உறுதி செய்த பத்திரத்தோடு ஆதாரங்களை இணைக்க வேண்டும். இங்கும் கெடு தவறினால் விண்ணப்பமே கைவிட்டுப் போகக்கூடும். சத்தியப் பிரமாணத்தில் பொய் சொல்வது குற்றம் என்பதையும் மறக்கக் கூடாது. 2015ல் தொடங்கிய வியாபாரத்தை 2005 என்று எழுத ஆசை வரலாம். ஒரேயொரு பழைய லேபிளின் அச்சுத் தேதி அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எது ஆதாரம்? பெயர் தெரியும்படியான பில், டெலிவரி ஆர்டர், பொட்டலத்தின் மாதிரி, லேபிள் அச்சடித்த அச்சகத்தின் ரசீது, தேதியோடு கூடிய ஃபேஸ்புக் பதிவு, தமிழ் நாளிதழின் தீபாவளி மலரில் கொடுத்த விளம்பரம், கூரியர் சீட்டு. இவற்றை ஆண்டு வாரியாக அடுக்கி, ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு மூன்றாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே மாதத்தின் நூறு பில்களைவிட, பத்து ஆண்டுகளில் ஆண்டுக்கு இரண்டு பில் கனமானது. பெயரில்லாத, 'பலசரக்கு' என்று மட்டும் எழுதிய கேஷ் பில் எத்தனை இருந்தாலும் பயனில்லை.

நம்மவர்களின் சிரமம் இங்கேதான். தோட்டத்து வீட்டில் அரைத்து, பசார் மாலாமில் விற்று, கைமேல் காசு வாங்கியவரிடம் பில் எங்கே இருக்கும்? அப்படிப்பட்டவர் சுற்றிலும் தேட வேண்டும். சந்தைக் கடைக்கு ஊராட்சி மன்றம் தந்த வாடகை ரசீது இருக்கலாம். கோயில் திருவிழாவில் கடை போட்ட பணச்சீட்டு இருக்கலாம். மகள் திருமணத்தில் பின்னணியில் பெயர்ப்பலகை தெரியும் படம் இருக்கலாம். பத்து ஆண்டுகளாகச் சரக்கு எடுக்கும் மளிகைக்கடைக்காரரும், லேபிள் அடித்துக் கொடுத்த அச்சகக்காரரும் தாங்களே தனியாகச் சத்தியப் பிரமாணம் செய்து தரலாம். வெளியாள் ஒருவர் கையெழுத்திட்டுச் சொல்லும் வார்த்தைக்கு, முதலாளியே சொல்வதைவிட மதிப்பு அதிகம்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. மலேசியாவில் முத்திரையைச் சந்தையில் முதலில் நேர்மையாகப் பயன்படுத்தியவருக்கு நீண்ட காலமாகவே மதிப்பு உண்டு. பணபலத்தில் மெலிந்தவருக்குக் காலபலம் இருந்தால், அது மேசைக்கு வரவேண்டும்.

விண்ணப்பதாரரின் ஆதாரத்துக்கு எதிராளி மறுப்பு ஆதாரம் தரலாம். பிறகு இரு தரப்பும் எழுத்து வழியில் வாதத்தைக் கொடுக்க, பதிவாளர் முடிவு செய்வார். செலவுத் தொகையை யார் தர வேண்டும் என்றும் அவர் உத்தரவிடலாம். முடிவு பிடிக்காதவர் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். பதிவு கிடைத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் புதுப்பித்துக்கொள்ளலாம்.

கோழிக்கறியும் கழுகும்

பெரிய நிறுவனம் எதிர்த்தால் வெல்லவே முடியாதா? மலேசிய இந்தியர்கள் மறக்க முடியாத பதில் ஒன்று இருக்கிறது. கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் 1999ல் திறக்கப்பட்ட 'மெக்கறி' உணவகத்தின் மேல், 'மெக்' என்ற முன்னொட்டு தங்களுடையது என்று மெக்டொனால்ட்ஸ் 2001ல் வழக்குத் தொடுத்தது. 'மலேசியன் சிக்கன் கறி' என்பதன் சுருக்கமே அந்தப் பெயர் என்றது உணவகம். 2006ல் உயர் நீதிமன்றத்தில் மெக்டொனால்ட்ஸ் வென்றது. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 8ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் மெக்டொனால்ட்ஸின் மனுவைத் தள்ளி, 10,000 ரிங்கிட் செலவுத் தொகையும் கட்டச் சொன்னது.

இது பெயர்ப் பதிவுக்கு எதிரான ஆட்சேபம் அல்ல, பெயரைப் பயன்படுத்தியதற்கு எதிரான வழக்கு. ஆனால் வென்ற காரணங்கள் பதிலறிக்கை எழுதுபவருக்குப் பாடம். மேல்முறையீட்டு நீதிமன்றம் 'மெக்' என்ற எழுத்துகளை மட்டும் பிடித்துக்கொள்ளவில்லை. பலகையின் முழுத் தோற்றத்தைப் பார்த்தது. அங்கே மஞ்சள் வளைவு இல்லை, கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் கோழிதான் இருந்தது. பரிமாறிய சாப்பாடும் வேறு, சாப்பிட வந்தவர்களும் வேறு.

பதிவுக்கு எதிரான ஆட்சேபத்துக்கே நல்ல உதாரணம் சிங்கப்பூரில் கிடைக்கிறது. ஃபியூச்சர் எண்டர்பிரைசஸ் என்ற சிங்கப்பூர் நிறுவனம் 'மெக்டீ', 'மெக்நூடுல்ஸ்', 'மெக்சாக்லேட்' என்ற பெயர்களைக் கழுகுச் சின்னத்தோடு பதிய விண்ணப்பித்தது. மெக்டொனால்ட்ஸ் ஆட்சேபித்தது. பதிவாளரிடமும் உயர் நீதிமன்றத்திலும் தோற்று, 2004ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது. பேரங்காடி அடுக்கில் இருக்கும் உடனடி பானப் பொட்டலத்தையும் பர்கர் கடையையும் மக்கள் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள் என்பதை அதனால் காட்ட முடியவில்லை. சிங்கப்பூரிலும் ஆட்சேபிக்க இரண்டு மாதம், பதிலறிக்கைக்கு இரண்டு மாதம் என்பதே இன்றைய கெடு.

இதே கதைக்கு மறுபக்கமும் உண்டு. அதே நிறுவனத்தின் 'மெக்காப்பி' என்ற முத்திரை ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாகியிருந்தது. மெக்டொனால்ட்ஸ் எதிர்த்ததால் அது ரத்தானது. 2016ல் அங்குள்ள பொது நீதிமன்றமும் அந்த ரத்தை உறுதி செய்தது. சிங்கப்பூரில் கிடைத்த வெற்றி ஐரோப்பாவில் செல்லவில்லை. முத்திரை உரிமை நாட்டுக்கு நாடு தனி. ஈப்போவில் பதிந்த பெயரைச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ விற்க நினைப்பவர் அங்கங்கே தனியாகப் பார்க்க வேண்டும்.

சமாதானமும் ஒரு வழிதான்

எல்லா ஆட்சேபத்தையும் கடைசிவரை எதிர்த்து நிற்க வேண்டும் என்பதில்லை. எதிராளி விற்பது சமையல் எண்ணெய், நாம் விற்பது வெறும் மசாலைத் தூள் என்றால், விண்ணப்பத்தில் உள்ள பொருள் பட்டியலைச் சுருக்கிக்கொள்கிறோம் என்று சொல்லி ஆட்சேபத்தை விலக்கிக்கொள்ளச் செய்யலாம். இன்னின்ன பொருளுக்கு நீ, இன்னின்ன பொருளுக்கு நான், படம் இப்படித்தான் இருக்கும் என்று எழுத்து வழி உடன்பாடு செய்துகொள்வதும் வழக்கத்தில் உள்ளதுதான். பேச்சு நடக்கிறது என்பதற்காகக் கெடு நிற்காது. பேசிக்கொண்டே பதிலறிக்கையையும் போட்டு வைக்க வேண்டும். இனிக்க இனிக்கப் பேசி இரண்டு மாதத்தைக் கடத்தும் ஆட்களும் இருக்கிறார்கள்.

எதிராளியின் பழைய பதிவையும் சோதித்துப் பார்க்கலாம். பதிந்துவிட்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாத முத்திரையை நீக்கக் கோரி உயர் நீதிமன்றத்துக்குப் போக இடமுண்டு. அது செலவுள்ள வழி. ஆனால் அப்படி ஒரு வழி இருப்பது தெரிந்தாலே பேச்சின் தொனி மாறும்.

வேறு நேரங்களில் விட்டுக்கொடுப்பதே கெட்டிக்காரத்தனம். பெயர் வைத்து ஆறு மாதம்தான் ஆகிறது, லேபிள் ஐந்நூறுதான் அடித்திருக்கிறது, எதிராளியின் பெயர் உண்மையிலேயே ஒத்துப்போகிறது என்றால், வேறு பெயருக்கு மாறுவதற்கு ஆகும் செலவு முகவர் கட்டணத்தைவிடக் குறைவாகவே இருக்கும். இருபது ஆண்டுகளாக ஊரே அறிந்த பெயர் என்றால் கணக்கு வேறு. முகவரை அமர்த்தும் முன், பதிலறிக்கைக்கு எவ்வளவு, ஆதாரக் கட்டத்துக்கு எவ்வளவு, எழுத்து வாதத்துக்கு எவ்வளவு என்று கட்டம் கட்டமாக எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. மொத்தமாக ஒரு தொகை சொல்லிப் பாதியில் கை நீட்டுவதை இது தடுக்கும்.

கெடு தவறிப்போனவர்? மறுபடியும் புதிதாக விண்ணப்பிக்கலாம். ஆனால் பழைய விண்ணப்பத் தேதி போய்விடும். இடையில் வேறொருவர் முந்தியிருந்தால் அவருக்கே முன்னுரிமை. அதே எதிராளி அதே ஆட்சேபத்தோடு திரும்பவும் வரலாம். விண்ணப்பம் விழுந்துவிட்டது என்பதற்காக அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று தானாகத் தடை வந்துவிடாது. ஆனால் எதிராளியிடம் பதிவு இருந்தால், அடுத்து வருவது அத்துமீறல் வழக்காக இருக்கலாம். பதிவு கிடைக்கும் வரை பொட்டலத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' போடுவதும் குற்றம். 'டி.எம்.' என்று போடுவதில் தவறில்லை.

இன்னொன்று, விண்ணப்பத்தில் கொடுத்த முகவரி. தோட்டத்து லயத்தின் முகவரியில் விண்ணப்பித்துவிட்டு, பிறகு பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனவர்கள் உண்டு. அறிவிப்பு தோட்ட அலுவலகத்திலேயே கிடக்கும், கெடு பற்றி ஒன்றும் தெரியாது. முகவர் வழியாக விண்ணப்பித்தவருக்குக் கடிதம் முகவரிடம் போகும். அவர் கைப்பேசி எண்ணை மாற்றியிருந்தால் அதுவும் அப்படியே. வீடு மாறியவர்களும் முகவரை மாற்றியவர்களும் அதை மைஐபிஓவுக்கு முறையாகத் தெரிவிக்க வேண்டும். விண்ணப்பம் இதழில் வெளியான பிறகு வரும் மாதங்களில், விண்ணப்ப எண்ணைப் போட்டு அதன் இணையத்தளத்தில் நிலவரத்தை வாரம் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம்.